கள்ளச் சாவியின் சரித்திரம்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டைத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் கரும்பு ஞாபகம் வரும். கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அங்கேதான் இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும் விவசாயி ஒருவரை அணுகி, "ஐயா, இந்தக் கரும்பு யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். "இதென்ன கேள்வி? என்னுடையதுதான்" என்பார். "அப்படியானால் இஷ்டப்பட்ட ஆலைக்குக் கொண்டுபோகலாமே?" என்று கேட்டால், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

விஷயம் இதுதான். 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு, இன்ன பகுதிக் கரும்பு இன்ன ஆலைக்கு என்று எல்லை பிரிப்பதற்கு வழி செய்தது. பதிவு செய்த கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரவேண்டும். அதன் பிறகுதான் அரிவாளை எடுக்கலாம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கரும்பு நிச்சயமாக வரும் என்ற உறுதி இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய ஆலையை யார் கட்டுவார்கள்? ஆனாலும் உழுது நட்டுத் தண்ணீர் பாய்ச்சியவர் மனத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருக்கும். கரும்பு தம்முடையதுதான், அது போகும் வழி தம்முடையதாக இல்லையே என்ற முள்.

அதே முள் கம்ப்யூட்டர் உலகத்திலும் உறுத்தியது. அது உறுத்தியதால் ஒரு இருபது வருஷத்துச் சரித்திரமே உண்டாயிற்று. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சென்னையில் ரிச்சி தெரு என்று ஒன்று உண்டு. மவுண்ட் ரோடுக்கு அருகில், இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் தோளை இடித்துக்கொள்ள வேண்டிய சந்துகள். அங்கே மதர்போர்டை ஒரு கடையிலும், ராமை இன்னொரு கடையிலும், ஹார்டு டிஸ்கை மூன்றாவது கடையிலும் பேரம் பேசி வாங்கி, ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டினால் கம்ப்யூட்டர் தயார். இதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'அசெம்பிள்டு சிஸ்டம்'. 1997-ல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி இந்தச் சாமான்களின்மீது இருந்த சுங்க வரி படிப்படியாகக் குறைந்து, 2005 வாக்கில் பெரும்பாலும் இல்லாமலே போயிற்று. ரிச்சி தெருவின் பெட்டிகள் பஸ் ஏறித் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடம்பு கிடைத்துவிட்டது, உயிர் வேண்டாமா? கம்ப்யூட்டருக்கு உயிர் அதன் இயங்குதளம். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவதும், எழுதிய கடிதத்தைப் பத்திரப்படுத்துவதும், அச்சு யந்திரத்துக்கு உத்தரவு போடுவதும் அதுதான். மைக்ரோஸாப்ட் கம்பெனியின் விண்டோஸ் எந்தப் பெட்டியிலும் குடியேறும். ஆப்பிள் கம்பெனியின் மேக் மட்டும் அப்படி வராது. அதற்குக் குலம் கோத்திரம் எல்லாம் பார்க்க வேண்டும். ஆப்பிள் செய்த யந்திரத்தில்தான் அது காலெடுத்து வைக்கும் என்பது கம்பெனியின் நிபந்தனை. நிபந்தனைப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

அந்த நிபந்தனையை மீறி, ரிச்சி தெருப் பெட்டி போன்ற ஒரு பெட்டியில் மேக் இயங்குதளத்தைக் குடியேற்றும் வித்தைக்கு 'ஹேக்கின்டாஷ்' என்று பெயர். இந்த வித்தையின் பூர்வோத்தரத்தைப் பார்க்கப் போனால், ரிச்சி தெருப் பெட்டியின் பிறப்பே ஒரு நகலெடுத்த கதைதான் என்பது தெரியவரும்.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்ஸனல் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் உதிரிப் பாகங்கள் யாரும் வாங்கக் கூடியவை. ஒன்றே ஒன்றுதான் ஐ.பி.எம்.முக்கே உரியது. யந்திரத்தை முதலில் தட்டி எழுப்பும் 'பயாஸ்' என்ற சிறு நிரல் அது. அதைப் பார்த்து எழுதினால் வழக்கு வரும். காம்பாக் என்ற புதுக் கம்பெனி ஒரு யுக்தி செய்தது. ஒரு குழு அந்த நிரலைப் படித்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதி வைத்தது. அசலைக் கண்ணால் கூடப் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு புதிதாக நிரல் எழுதியது. பலகாரத்தைத் திருடாமல், அதன் ருசியை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் வீட்டு அடுப்பில் சமைத்தது போல! 1982 கடைசியில் காம்பாக்கின் யந்திரம் அறிவிக்கப்பட்டது. சட்டத்தால் அதைத் தொட முடியவில்லை. உலகமெங்கும் இன்று காணும் அசெம்பிள்டு பெட்டிகளுக்கெல்லாம் முப்பாட்டன் அந்த யந்திரம்தான்.

அதே காலத்தில் ஃபிராங்க்ளின் என்ற கம்பெனி ஆப்பிளைப் பார்த்து ஒரு யந்திரம் செய்தது. ஆனால் அது சமைக்கவில்லை, பலகாரத்தையே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆப்பிளின் நிரலை அப்படியே நகல் செய்தது. 1983-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட், இயங்குதளமும் புத்தகத்தைப் போலப் பதிப்புரிமை உடையதே என்று தீர்ப்புச் சொன்னது. இதிலிருந்து ஒரு பாடம் ஏற்பட்டது: வேலையைப் பார்த்துத் திரும்ப எழுதலாம், எழுதியதைத் திருடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடும் மெல்லிய வரப்பின் மேல்தான் நம் கதை முழுவதும் நடக்கிறது.

நடுவில் ஆப்பிளே ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்தது. 1995-லிருந்து பவர் கம்ப்யூட்டிங் முதலிய கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து, மேக் யந்திரங்களைச் செய்துகொள்ள விட்டது. அவர்கள் மலிவாகவும் வேகமாகவும் செய்து, ஆப்பிளின் சொந்த வாடிக்கையையே இழுத்துக்கொண்டார்கள். 1997-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் முதல் காரியமாகச் செய்தவற்றில் ஒன்று, அந்தக் கதவைச் சாத்தியது.

சாத்திய கதவு நன்றாகத்தான் சாத்தியிருந்தது. ஏனென்றால் ஆப்பிளின் யந்திரத்தில் அப்போது இருந்தது பவர்பிசி என்ற வேறு ஜாதிச் சில்லு. அந்தச் சில்லுக்கு எழுதிய நிரல், இன்டெல் சில்லு உள்ள பெட்டியில் ஓடாது. மொழியே வேறு. பூட்டே தேவையில்லை, நடுவில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

2005 ஜூன் 6-ஆம் தேதி அந்த ஆறு வற்றியது. இனி ஆப்பிள் யந்திரங்களிலும் இன்டெல் சில்லுதான் என்று ஜாப்ஸ் அறிவித்தார். ஐந்து வருஷமாகவே ரகசியமாக ஒவ்வொரு பதிப்பையும் இன்டெலுக்கும் சேர்த்துத் தயாரித்து வந்ததாகவும் சொன்னார். மென்பொருள் எழுதுகிறவர்கள் பழகிக்கொள்வதற்காக, 999 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு பரீட்சை யந்திரத்தை இரவல் கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் ஆப்பிளின் அழகான உலோகப் பெட்டி; உள்ளே திறந்தால் சாதாரண பென்டியம் 4! கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு இதைவிட வேறென்ன தூண்டுதல் வேண்டும்? இரண்டே மாதம். ஆகஸ்டுக்குள் அந்த யந்திரத்திலிருந்து கசிந்த இயங்குதளம் யார் யார் வீட்டுப் பெட்டிகளிலோ ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனி சும்மா இருக்குமா? பரீட்சை யந்திரத்திலேயே டி.பி.எம். என்ற காவல் சில்லு ஒன்றை வைத்திருந்தது. 2006 ஜனவரியில் விற்பனைக்கு வந்த யந்திரங்களில் காவலை வேறு விதமாக மாற்றியது. திரையில் கண்ணுக்குத் தெரியும் முக்கியமான சில நிரல்களைக் குறிமொழியில் மூடிவைத்து, அதைத் திறக்கும் சொல்லை யந்திரத்துக்குள் இருக்கும் வேறொரு சில்லில் ஒளித்துவைத்தது. திறந்து கொடுக்கும் கோப்புக்குப் பெயர் என்ன தெரியுமா? 'மேக் ஓ.எஸ். எக்ஸைத் திருடாதே' என்பதுதான்! அதோடு, பூட்டை உடைக்க வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று கர்மவினையைப் பற்றிப் பேசும் ஒரு சின்னப் பாட்டையும் உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். கர்மா நம்மிடமிருந்து கலிபோர்னியா போய், அங்கே கம்ப்யூட்டருக்குக் காவல் நின்றதைப் பார்த்தீர்களா?

பாட்டைப் படித்தவர்கள் ரசித்தார்கள், பூட்டையும் உடைத்தார்கள். 2006 பிப்ரவரியில் மாக்ஸஸ் என்ற புனைபெயரில் மறைந்திருந்த ஒருவர், புதுப் பதிப்பையும் சாதாரணப் பெட்டியில் ஓட வைத்துவிட்டார். அதே வருஷம், மேக்கின் உள் அமைப்பைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதிய அமித் சிங் என்ற நிபுணர், இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை யாவரும் படிக்கும்படி விளக்கி எழுதினார். யந்திரத்தில் டி.பி.எம். சில்லு இருந்தும் ஆப்பிள் அதை இந்தக் காவலுக்குப் பயன்படுத்தவே இல்லை என்பதையும் காட்டினார்.

ஆரம்பத்தில் செய்தவர்கள் இயங்குதளத்தையே வெட்டி ஒட்டினார்கள். அப்படிச் செய்தால், கம்பெனி ஒரு புதுப்பிப்பை அனுப்பியவுடன் எல்லாம் கலைந்துவிடும். பிறகு வந்தவர்களுக்கு நல்ல யோசனை ஒன்று தோன்றியது. இயங்குதளத்தைத் தொடவே வேண்டாம். அது கண் விழிக்கும்போது பெட்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு துபாஷியை நிறுத்திவைத்தால் என்ன?

துபாஷிகளை நமக்குத் தெரியும். புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். பிரெஞ்சுக்காரருக்கு நம் ஊரையும், நம் ஊருக்குப் பிரெஞ்சுக்காரரையும் எடுத்துச் சொல்லும் உத்தியோகம். கம்ப்யூட்டர் துபாஷிக்கும் அதே வேலை. இயங்குதளம் விழித்தவுடன் கேட்கிறது: "நீ யார்? எந்த மாதிரி? உன்னிடம் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன? திறக்கும் சொல் எங்கே?" துபாஷி சற்றும் கூசாமல், "நான் அசல் மேக். இன்ன வருஷத்து மாதிரி. இதோ என் வரிசை எண். இதோ நீங்கள் கேட்ட சொல்" என்கிறது. தன் உறுப்புகளைப் பற்றிப் பெட்டி எழுதிவைத்திருக்கும் அட்டவணையையும் மேக்குக்குப் புரிகிற மாதிரி திருத்திக் காட்டுகிறது. பிறகு ஒதுங்கிக்கொள்கிறது. ஒரே ஒரு பொய், மற்றதெல்லாம் நிஜம்!

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், துபாஷியின் முதல் உருவத்துக்கு ஆப்பிளே அடி எடுத்துக் கொடுத்திருந்தது. மேக்கின் அடித்தளமான டார்வினின் மூலநிரலைக் கம்பெனியே பகிரங்கமாக வெளியிட்டு வந்தது. அதிலிருந்த துவக்கி ஒன்றை எடுத்துத்தான் டேவிட் எலியட் என்பவர் தம் வேலையைத் தொடங்கினார். பிறகு கமிலியன், க்ளோவர் என்று துபாஷிகள் பரம்பரையாக வந்தார்கள். 2019-ல் வந்த ஓப்பன்கோர் எல்லாரையும் விடச் சுத்தமான வேலைக்காரன்.

இவ்வளவும் சொன்னதால், ஏதோ பென் டிரைவைச் செருகினால் மேக் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹேக்கின்டாஷ் செய்தவர்கள் பட்ட பாடு தனி. படம் வந்தால் சத்தம் வராது; சத்தம் வந்தால் வைஃபை வராது. தூங்கப் போன கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுக்கும். 2018-ல் வந்த பதிப்புக்கு என்விடியாவின் புதுச் சித்திர அட்டைகள் எதுவும் ஒத்துவரவில்லை. அதுவரை ஒழுங்காக ஓடிய பெட்டிகள் அங்கேயே நின்றுவிட்டன. இதைச் செய்தவர்கள் அதிகமும் இளைஞர்கள். மேக் வாங்கக் காசில்லாமல் ஆரம்பித்தவர்கள் பலர். ஆனால் காசு மிச்சமானதைவிட அதிகமான ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டர் எப்படி விழிக்கிறது, யாரிடம் என்ன கேட்கிறது, எங்கே தடுக்கிவிழுகிறது என்பதையெல்லாம் எந்தக் காலேஜிலும் சொல்லித்தராத விதத்தில் கற்றுக்கொண்டார்கள்.

"அதெல்லாம் சரி, இது திருட்டா இல்லையா? அதைச் சொல்லும்" என்கிறீர்களா? கோர்ட்டையே கேட்போம்.

2008 ஏப்ரலில் ப்ளோரிடாவிலிருந்த ஸைஸ்டார் என்ற கம்பெனி, மேக் குடியேறிய சாதாரணப் பெட்டிகளைப் பகிரங்கமாகவே விற்க ஆரம்பித்தது. கடையில் விற்ற மேக் டிஸ்க்கைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். வாங்கிய பொருளை எதில் போட்டால் உனக்கென்ன என்பது அவர்கள் வாதம். ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்ஸப் ஆப்பிளின் பக்கம் தீர்ப்பளித்தார். நகல் செய்தது தவறு, மாற்றியமைத்தது தவறு, பூட்டை உடைத்ததும் தவறு என்றார். டிசம்பரில் தடை உத்தரவு வந்தது. 2011 செப்டம்பரில் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. நீ விலை கொடுத்து வாங்கியது பொருளை அல்ல, உபயோகிக்கும் அனுமதியை. அனுமதி கொடுத்தவர் நிபந்தனை விதிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் எழுதியதைப் பெட்டியில் போட்டு வியாபாரம் செய்த ஸைஸ்டாருக்காக நான் கண்ணீர் விடமாட்டேன். எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பதிப்புரிமையின் அருமை தெரியும். ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல் ஸைஸ்டாரின்மீது மட்டுமா விழுகிறது? ஒரு புத்தகத்தை வாங்கினால் அதைத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம், தென்னந்தோப்பிலும் படிக்கலாம். 'எங்கள் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்கவேண்டும்' என்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? நாற்காலிக்கும் சேர்த்துத்தான் நான் உழைத்தேன் என்று ஆப்பிள் சொல்லும். அதிலும் உண்மை உண்டு. இரண்டு பக்கமும் உண்மை இருப்பதனால்தான் இது இருபது வருஷம் இழுத்தது.

கடைசியில் முடித்துவைத்தது கோர்ட் அல்ல. பாட்டிலிருந்த கர்மவினையும் அல்ல. 2020 நவம்பரில் ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 சில்லோடு யந்திரங்களை வெளியிட்டது. வற்றிய ஆற்றில் மறுபடி வெள்ளம் வந்துவிட்டது. 2023 ஜூனுக்குள் ஆப்பிளின் எல்லா மாதிரிகளும் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. 2025 ஜூனில், அந்த வருஷத்து டாஹோ பதிப்புத்தான் இன்டெல் யந்திரங்களுக்குக் கடைசி என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதற்குப் பின் துபாஷி எவ்வளவு நன்றாகப் பொய் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. கேட்கிறவருக்கு அந்தப் பாஷையே மறந்துவிடும்.

இங்கே கதை ஒரு விசித்திரமான திருப்பம் கொள்கிறது. ஆப்பிள் தன் பழைய யந்திரங்களையும் சில வருஷங்களுக்குப் பிறகு கைகழுவிவிடும். புதுப் பதிப்பு அவற்றுக்கு இல்லை என்று சொல்லிவிடும். நிறைய விலை கொடுத்து அசல் மேக்கை வாங்கிய சத்தியவந்தர்களின் கதி இது! அவர்களுக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? ஓப்பன்கோரை வைத்துக்கொண்டு டோர்டானியா என்ற குழுவினர் செய்த ஒரு கருவி. கைவிடப்பட்ட அசல் மேக்குகளில் அது புதுப் பதிப்புகளை ஏற்றியது. அயலான் வீட்டுக் கதவைத் திறப்பதற்காகச் செய்த கள்ளச் சாவி, கடைசியில் வீட்டுக்காரரை அவர் சொந்த வீட்டுக்குள் விட உதவியது. சாவியைக் குற்றம் சொல்வதா, பூட்டைக் குற்றம் சொல்வதா?

ஆப்பிளும் மேக்கும் நமக்கு எட்டாத பொருள்கள். நமக்கென்ன என்று யாராவது இருந்துவிடுவதற்கில்லை. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது, எந்தப் பெட்டியிலும் குடியேறும் என்று நான் மேலே சொன்ன விண்டோஸும் கோத்திரம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. டி.பி.எம். 2.0 இருக்கிறதா? சில்லு புது வம்சமா? இல்லையென்றால் இடமில்லை. 2005-ல் ஆப்பிளின் பரீட்சை யந்திரத்தில் காவல் நின்ற அதே டி.பி.எம்.மின் வாரிசுதான் இப்போது எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு, தற்காலிக நீட்டிப்பு ஏற்பாட்டைத் தவிர, விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கிடைத்தது. பல குடும்பங்களில் முதல் கம்ப்யூட்டரே அதுதான். அதன் முதல் வருஷங்களில் கொடுத்தவை எதுவும் இந்தப் புதிய கோத்திரப் பரீட்சையில் தேறாது. யந்திரம் கெட்டுப்போகவில்லை. விசைப்பலகையில் சில எழுத்துக்கள் அழிந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் அது காலாவதி. யார் தீர்மானித்தார்கள்? வைத்திருப்பவர் தீர்மானிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதற்குக் கள்ளச் சாவி தேட வேண்டியதில்லை என்பதுதான் நான் முடிவாகச் சொல்ல விரும்புவது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தம் வீட்டு 386 கம்ப்யூட்டருக்காக எழுத ஆரம்பித்த லினக்ஸுக்குப் பூட்டே கிடையாது. 2000-த்தை ஒட்டிய வருஷங்களில், உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள், சம்பளம் வாங்காமல், அதன் முகப்பை வரி வரியாகத் தமிழாக்கினார்கள். 2007-ல் சென்னை சி-டாக் நிறுவனத்திலிருந்து பாஸ் என்ற இந்திய லினக்ஸ் வெளிவந்தது. இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதுவும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது. எத்தனை பேர் அந்த ஓரத்துக்குப் போய்ப் பார்த்தார்கள்?

எங்கள் பக்கத்தில் ஆலையின் வெட்டு உத்தரவு வரத் தாமதமாகி, கரும்பு காய்ந்து எடை குறைய ஆரம்பித்தால், விவசாயி வெல்லக் கொட்டகையைப் பார்ப்பார். அங்கே சர்க்கரையின் வெண்மை கிடையாது. மூட்டையில் அச்சடித்த கம்பெனிப் பெயர் கிடையாது. கொப்பரையின் பக்கத்தில் நின்று பதம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். பாகு இறுகினாலும் இளகினாலும் அது நம் கை பாகம். லினக்ஸும் அப்படித்தான். கொஞ்சம் பதம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க எங்கே போவது என்று கேட்டால், இருபது வருஷமாகத் துபாஷிக்குப் பொய் சொல்லப் பழக்கிய இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த வித்தைக்கு இப்போது மேக்கில் வேலை இல்லை. பரணில் கிடக்கும் லட்சக்கணக்கான மடிக்கணினிகளில் வேலை இருக்கிறது. இந்தத் தடவை பொய் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.